கண்காணிப்பாளர் எங்கே நிற்பார்? தாய்லாந்து - கம்போடியா எல்லை

30 ஜூலை 2025, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

தாய்லாந்தும் கம்போடியாவும் ஐந்து நாள் ராக்கெட்டும் எஃப்-16 விமானமுமாக அடித்துக்கொண்டு, திங்கட்கிழமை மலேசியாவின் புத்ராஜெயாவில் கைகுலுக்கிவிட்டன. இனி தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் கண்காணிப்பாளர்கள் வருவார்களாம். 2011-லும் இந்தோனேசியக் கண்காணிப்பாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்களே, என்ன கிழித்தார்கள்? பைனாகுலர், நோட்டுப் புத்தகம், அறிக்கை. மூன்றும் வெட்டிச் செலவு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லலாம்.

30 ஜூலை 2025, இரவு

முதலில் ஒரு திருத்தம். 2011-ல் இந்தோனேசியர்கள் வந்து உட்காரவில்லை. வரவே இல்லை. பெட்டி கட்டித் தயாராக இருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் பிப்ரவரி 4 முதல் 7 வரை, எல்லை மலை உச்சியில் இருக்கும் பிரியா விகார் கோயிலைச் சுற்றிச் சண்டை. 14-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்புச் சபை இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, ஆசியான் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. 22-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். ஆளுக்கு ஆள் தத்தம் பக்கத்தில் இந்தோனேசியக் கண்காணிப்பாளர்களை ஏற்பது என்று முடிவானது. அப்போது ஆசியான் தலைமை இந்தோனேசியாவிடம். அதன் வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நடலெகாவா அங்குமிங்கும் பறந்து வேலை பார்த்தார்.

கம்போடியா சரி என்றது. தாய்லாந்தில் வெளியுறவு அமைச்சகம் சரி என்கிற மாதிரி பேசியது, இராணுவம் வேண்டாம் என்றது. அப்போதைய தரைப்படைத் தளபதி பிரயுத் சான்-ஓ-சா. பிற்பாடு ஆட்சியைப் பிடித்துப் பிரதமரானாரே, அவரேதான். ஏப்ரல் 22-ல் மறுபடி வெடித்தது. இந்த முறை மேற்கே வெகுதூரம் தள்ளி, தா முவென் தோம், தா க்ரபெய் கோயில்கள் பக்கம்.

ஆகவே “வந்து என்ன கிழித்தார்கள்” என்று கேட்க வழியில்லை. “ஏன் வர முடியவில்லை” என்று கேட்டால் விஷயம் இருக்கிறது. நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

31 ஜூலை 2025

நான் நில அளவையில் காலம் தள்ளியவன். செயின் (அளவுச் சங்கிலி) காலத்திலிருந்து டோட்டல் ஸ்டேஷன் (மின்னணு அளவுக் கருவி) காலம் வரை பார்த்தாயிற்று. வரப்புத் தகராறில் அளக்கப் போகும்போது ஒரு காட்சி வழக்கமாக நடக்கும். அண்ணன் வந்திருப்பார். தம்பியும் வந்திருப்பார், ஆனால் கல் பக்கத்தில் வரமாட்டார். தெருவிலேயே நின்று பார்ப்பார். “வந்தேன் என்று கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றால் அதுவும் மாட்டார். அந்தக் கல்லருகே நின்றதாகப் பேப்பரில் ஏறிவிட்டால், நாளைக்குக் கோர்ட்டில் அதை ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிடுவார்கள் என்று யாரோ வக்கீல் சொல்லி அனுப்பியிருப்பார். வக்கீல் சொன்னது தப்பும் இல்லை.

2011-ல் நடந்தது அச்சு அசலாக இதுதான். கண்காணிப்பாளர் என்றால் அவருக்கு ஒரு கூடாரம் வேண்டும். கூடாரம் எங்கே என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். கோயிலுக்குப் பக்கத்தில் கம்போடியர்கள் கட்டிய ஒரு புத்த விகாரை இருக்கிறது. அங்கே போட்டால் அது “கம்போடியப் பக்கம்” என்று தாய்லாந்து எழுதிக்கொடுத்த மாதிரி. ஆகவே முதலில் கோயிலிலிருந்தும் விகாரையிலிருந்தும் கீழே சந்தையிலிருந்தும் கம்போடியப் படை போகட்டும், பிறகு கண்காணிப்பாளர் வரட்டும் என்றது தாய்லாந்து. எங்கள் இடத்தை விட்டு நாங்கள் ஏன் போக வேண்டும் என்றது கம்போடியா.

சுற்றிச் சுற்றி அதே இடம். இதை அதிகாரிகளின் பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தாய்லாந்தின் 2007 அரசியல் சட்டத்தில் 190-ஆம் பிரிவு என்று ஒன்று. நாட்டின் எல்லையைத் தொடும் எந்த ஒப்பந்தமும் நாடாளுமன்றம் போய் வர வேண்டும். 2008-ல் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்க ஆதரவு சொல்லி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார் வெளியுறவு அமைச்சர் நோப்படோன் பட்டமா. அது 190-ஐ மீறியது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது, அமைச்சர் பதவி விலகினார். மூன்று வருடம் கழித்து அதே மலையின் வரைபடத்தோடு இன்னொரு காகிதம் வந்தால் எந்த அமைச்சர் பேனாவைத் திறப்பார்?

31 ஜூலை 2025, சற்று நேரம் கழித்து

அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் தொழிலுக்குத் துரோகம்.

1904-ல் சயாமும் (அன்றைய தாய்லாந்து) கம்போடியாவை ஆண்ட பிரான்சும் போட்ட உடன்படிக்கை, டாங்ரெக் மலைத்தொடரில் எல்லை நீர்ப்பிரிமேட்டின் வழியே போகும் என்றது. வடக்கே விழும் மழை மூன் ஆற்றுக்கு, தெற்கே விழுவது கம்போடியச் சமவெளிக்கு. நடுவே உள்ள முகடு எல்லை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பிறகு பிரெஞ்சு அதிகாரிகள் படம் வரைந்தார்கள், 1907-ல். அந்தப் படத்தில் கோயில் கம்போடியா பக்கம். முகட்டின்படி பார்த்தால் அது தாய்லாந்து பக்கம் வர வேண்டும் என்பது பாங்காக்கின் வாதம். 1962 ஜூன் 15-ல் சர்வதேச நீதிமன்றம், இத்தனை வருடம் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தீர்களே, ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று 9-க்கு 3 என்ற கணக்கில் கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது. 1930-ல் இளவரசர் டம்ரோங் அந்தக் கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சு அதிகாரி கொடியேற்றி வரவேற்றதும், இளவரசர் சும்மா இருந்ததும் வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டன. தெருவிலேயே நின்ற தம்பி கெட்டிக்காரன் என்று இப்போது புரிகிறதா?

படத்தின் அளவு 1:2,00,000. ஒரு மில்லிமீட்டர் தரையில் 200 மீட்டர். பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் தடித்தால் 100 மீட்டர் நிலம் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். கோயிலைச் சுற்றித் தகராறில் இருந்த இடம் 4.6 சதுர கி.மீ. அந்தப் படத்தில் இது பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் உள்ள கட்டம். இதை வைத்துக்கொண்டு கம்போடியா வாதாடும். தாய்லாந்து தன்னுடைய 1:50,000 படத்தை வைத்துக்கொண்டு வாதாடும். இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது.

1 ஆகஸ்ட் 2025

பைனாகுலர் பற்றி. மலை உச்சியில் ஆளுக்கொரு பைனாகுலர் வைத்துக்கொண்டு இரண்டு இராணுவமும் 2008-லிருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. பார்வைக்குப் பஞ்சமில்லை. இருவரும் நம்பும் ஒரு கண்ணுக்குத்தான் பஞ்சம்.

3 ஆகஸ்ட் 2025

“அப்படியானால் 2011-ல் சர்வதேச நீதிமன்றம் ஒரு படைநீக்க மண்டலம் அறிவித்ததே, அது?” என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும்கூட.

2011 ஏப்ரல் 28-ல் கம்போடியா, 1962 தீர்ப்புக்கு விளக்கம் சொல்லுங்கள் என்று அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்குப் போனது. கூடவே, தீர்ப்பு வரும்வரை தாய்லாந்துப் படை விலக வேண்டும் என்று இடைக்கால உத்தரவும் கேட்டது. ஜூலை 18-ல் நீதிமன்றம் கொடுத்தது யாரும் கேட்காத ஒன்று. நாலு புள்ளிகளைக் குறித்து, ஏ, பி, சி, டி என்று பெயரிட்டு, அட்சரேகை தீர்க்கரேகை போட்டு ஒரு நாற்கோணம் வரைந்தது. சுமார் 17.3 சதுர கி.மீ. இதற்குள் இரண்டு நாட்டுப் படையும் இருக்கக் கூடாது. கோயில் காவலுக்குப் போலீஸ் மாதிரி படை சாராத ஆட்கள் இருக்கலாம். ஆசியான் நியமிக்கும் கண்காணிப்பாளர்களை உள்ளே விட வேண்டும்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், அந்த நாற்கோணம் யாருடைய எல்லைக்கோட்டையும் ஒட்டிப் போகவில்லை. தகராறு நிலம் மட்டுமில்லாமல், தகராறே இல்லாத தாய்லாந்து நிலம் கொஞ்சம், தகராறே இல்லாத கம்போடிய நிலம் கொஞ்சம் என்று எல்லாவற்றையும் சேர்த்து அள்ளியது. ஆகவே அதற்குள் கூடாரம் போட்டால் யாரும் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஒரு சர்வேயராக எனக்கு இது பிரமாதமான வேலை. ஆனால் 16 நீதிபதிகளில் 5 பேர் எதிர்த்தார்கள், தலைவர் ஒவாடா உட்பட. யாருக்கும் சந்தேகமில்லாத சொந்த நிலத்திலிருந்து ஒரு நாட்டின் படையை வெளியே போகச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம் என்பது அவர்கள் கட்சி. அதையும் தள்ளிவிட முடியாது.

சரி, அப்புறம்? கண்காணிப்பாளர் அப்போதும் வரவில்லை! விதிமுறை, கூட்டம், மறு கூட்டம். ஒரு வருடம் கழித்து, 2012 ஜூலை 18-ல், இரு தரப்பும் தாங்களாகவே படையை விலக்கிப் போலீசாரையும் காவலர்களையும் நிறுத்தின. அந்த நேரத்தில் ஆசியான் தலைமை யாரிடம் தெரியுமா? கம்போடியாவிடம். தலைமை வருடா வருடம் சுற்றும் ஏற்பாட்டில் இப்படியும் ஆகும்.

2013 நவம்பர் 11-ல் இறுதி விளக்கம் வந்தது: கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவினுடையது, பக்கத்துக் குன்று இந்தத் தீர்ப்பில் வராது. அதோடு நாற்கோணம் காலாவதி.

4 ஆகஸ்ட் 2025

ஒரு சின்னக் குறிப்பு. இந்த எல்லைக்குக் கண்காணிப்பாளர் புதுசு இல்லை. 1962 தீர்ப்புக்குப் பிறகு இரண்டு நாடும் அடித்துக்கொள்ளாமல் பார்க்க ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் தன் பிரதிநிதியாக நில்ஸ் குஸ்ஸிங் என்ற ஸ்வீடன்காரரை அனுப்பினார். 1964 வரை இருந்தார். அதற்கும் முன்னால், 1954 ஜெனீவா உடன்பாட்டின்படி கம்போடியாவுக்கு வந்த கண்காணிப்பு ஆணையத்தில் இந்தியா தலைவர், கனடாவும் போலந்தும் உறுப்பினர். மேற்குக்கு ஒரு ஆள், கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு ஒரு ஆள், நடுவில் நாம். 1969 கடைசி வரை ஓடியது. “இந்தியாவைக் கூப்பிடலாமே” என்று எழுதியவருக்கு: கூப்பிட்டார்கள், போனோம், வந்தோம்.

9 ஆகஸ்ட் 2025

கோலாலம்பூரில் 7-ஆம் தேதி இரு நாட்டு எல்லைக் குழுவும் கூடி முடித்திருக்கிறது. முடிவு இப்படி: பாங்காக்கிலும் நோம்பென்னிலும் ஏற்கெனவே தூதரகங்களில் இருக்கும் ஆசியான் நாடுகளின் இராணுவ அதிகாரிகளைக் கொண்டு இரண்டு இடைக்காலக் குழுக்கள். மலேசியா தலைமை. தாய்லாந்துக் குழு தாய்லாந்திலேயே சுற்றும், கம்போடியக் குழு கம்போடியாவிலேயே சுற்றும். கோட்டைத் தாண்டாது.

2011 பாடத்தைப் படித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. எங்கே நிற்பது என்ற சண்டையே வராது. புதுசாக ஆள் அனுப்ப வேண்டாம், விசா வேண்டாம், ஊருக்குள் இருப்பவர் ஜீப் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதனால்தான் இத்தனை சீக்கிரம் முடிந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தாய்லாந்துக் குழு தாய்லாந்துப் படை கூட்டிப்போகும் இடத்தைப் பார்க்கும். கம்போடியக் குழு கம்போடியப் படை கூட்டிப்போகும் இடத்தைப் பார்க்கும். இரண்டு பேரும் தங்களுடையது என்று சொல்லும் நடுப்பட்டையை யார் பார்ப்பது? குண்டு வெடிப்பதும் கண்ணிவெடி கிடப்பதும் அங்கேதான். இந்த மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், சோங் போக் கணவாயிலிருந்து சோங் சா-ங்காம் கணவாய் வரை சுமார் 195 கி.மீ. நீளத்துக்கு எல்லைக்கல்லே கிடையாது. கல் இருப்பதெல்லாம் அதற்கு மேற்கே.

14 செப்டம்பர் 2025

கோயிலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. நான் போனது சில வருடங்களுக்கு முன்னால், அமைதியாக இருந்த காலத்தில், கம்போடியா வழியாக. அடிவாரத்தில் டிக்கெட் வாங்கி, பிக்கப் வண்டியின் பின்னால் ஏறி உட்கார வேண்டும். கான்கிரீட் சாலை அப்படியே செங்குத்தாக ஏறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வந்தார், நான் கம்பியை விடவில்லை.

சிவன் கோயில். சிகரேசுவரர் என்று பெயர். மலை மேல் இருப்பவருக்குப் பொருத்தமான பெயர்தான். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் சூரியவர்மன் காலத்திலும், பன்னிரண்டில் இரண்டாம் சூரியவர்மன் காலத்திலும் வளர்ந்தது. நம்மூர்க் கோயில் மாதிரி சுற்றிச் சுற்றிப் பிராகாரமாகப் போகாது. வடக்கிலிருந்து தெற்காக ஒரே நேர்கோட்டில் படி, கோபுர வாசல், தளம், மறுபடி படி என்று சுமார் 800 மீட்டர் மேலே மேலே போய், கடைசியில் பாறை விளிம்பில் நிற்கும். அதற்கப்புறம் கீழே கம்போடியச் சமவெளி. வாசலொன்றில் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு அணி, இந்தப் பக்கம் ஒரு அணி, நடுவில் மத்து. மேலே ஏதும் சொல்லவில்லை, நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

படியின் அமைப்பைப் பார்த்தால் இயல்பான வழி வடக்கிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து என்பது புரியும். 2008 வரை சுற்றுலாக்காரர்கள் அப்படித்தான் வந்தார்கள். நான் போனபோது படி இறங்கும் இடத்தில் முள்கம்பி. அதன் அருகே மணல்மூட்டைப் பதுங்குகுழி, மூட்டைகள் கிழிந்து மணல் வடிந்து அதில் புல் முளைத்திருந்தது. கொடியில் காக்கிச் சட்டையும் ஒரு குழந்தையின் கவுனும் காய்ந்தன. காவலுக்கு இருந்த பையன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வழிகாட்டி மூலம், எல்லை எங்கே என்று கேட்டேன். நூடுல்ஸ் குச்சியாலேயே ஒரு மரத்தைக் காட்டினான். பழக்கதோஷம், மரத்தடியில் கல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் சில நாள் அந்த மரம் வரை வருவார்கள், சிகரெட் கொடுப்பார்கள், எங்கள் ஆட்கள் பழம் கொடுப்பார்கள் என்றான். சண்டை வந்தால்? தோளைக் குலுக்கினான்.

சுவரில் தோட்டா கொத்திய இடங்களை விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஆயிரம் வருடக் கல் கறுத்திருக்கிறது, தோட்டா பட்ட இடம் மட்டும் உள்நிறம் தெரிந்து வெளிர் மஞ்சளாக இருக்கிறது.

15 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, “போலீஸ் யார், சிப்பாய் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்கிறார் ஒருவர். கண்டுபிடிக்கவில்லை. கண்காணிப்பாளருக்கும் தலைவலி இதுதான். படை கூடாது, காவலர் இருக்கலாம் என்று உத்தரவு எழுதுவது சுலபம். தரையில் உடுப்புதானே தெரியும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஆளை எண்ண மாட்டார்கள், ஆயுதத்தை எண்ணுவார்கள். எத்தனை அங்குலக் குழாய், எந்த எண், எங்கே நிற்கிறது, போன வாரம் எங்கே நின்றது.

இன்னொன்றும் உண்டு. 17 சதுர கி.மீ. நாற்கோணம் துப்பாக்கிக்கும் சின்ன மோர்ட்டாருக்கும் சரி. லாரியிலிருந்து ஏவும் பி.எம்-21 ராக்கெட் 20 கி.மீ. போகும், புதியவை இன்னும் அதிகம். ஜூலை 24-ல் தாய்லாந்தின் சீசாகெட் மாகாணத்தில் பெட்ரோல் பங்க்கில் நின்ற ஜனங்கள் செத்தது அப்படித்தான். கோயிலைச் சுற்றிக் கோடு போட்டு இதைத் தடுக்க முடியாது. ராக்கெட் வண்டி எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

27 அக்டோபர் 2025

நேற்று கோலாலம்பூரில் கூட்டுப் பிரகடனம். கம்போடியப் பிரதமர் ஹுன் மானெட்டும் தாய்லாந்துப் பிரதமர் அனுடினும் கையெழுத்திட, அமெரிக்க அதிபர் டிரம்பும் மலேசியப் பிரதமர் அன்வாரும் சாட்சி. கனரக ஆயுதங்களைப் படிப்படியாகப் பின்னால் எடுக்க வேண்டும்: முதலில் ராக்கெட், பிறகு பீரங்கி, அப்புறம் டாங்கியும் கவச வண்டியும். முறையான ஆசியான் கண்காணிப்புக் குழு பார்க்கும். தாய்லாந்தின் பிடியில் உள்ள 18 கம்போடிய வீரர்கள் விடுதலை. போன மாதம் நான் இங்கே புலம்பியதை யாரோ காதில் வாங்கியிருக்கிறார்கள் போல!

தேதியைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. 1998 அக்டோபர் 26-ல்தான் ஈக்வடாரும் பெருவும் பிரேசிலியாவில் எல்லைத் தகராறை முடித்தன. கண்காணிப்பாளர் வெட்டிச் செலவு என்ற முதல் கேள்விக்காரர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அங்கேயும் நீர்ப்பிரிமேடுதான் வில்லன். 1942 ரியோ உடன்பாடு, சமோரா, சாந்தியாகோ ஆறுகளுக்கு இடையிலான முகடு எல்லை என்றது. பிறகு அமெரிக்க விமானங்கள் மேலேயிருந்து படம் எடுத்துப் பார்த்தால் நடுவில் செனேப்பா என்று இன்னொரு ஆறு, எதிர்பார்த்ததைவிட நீளமாக ஓடுகிறது. ஆகவே முகடு ஒன்றில்லை, இரண்டு. 78 கி.மீ. கல் நடாமலே கிடந்தது. 1995 ஜனவரியில் அந்தக் காட்டில் போர்.

பிப்ரவரியில் போர்நிறுத்தம். அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா நான்கும் சேர்ந்து கண்காணிப்புக் குழு அனுப்பின. இரு படைகளையும் பிரித்து, ஆகஸ்டில் 528 சதுர கி.மீ. படைநீக்க மண்டலம் வந்தது. செலவை ஈக்வடாரும் பெருவும் பகிர்ந்துகொண்டன. இதுதான் எனக்கு முக்கியம்: பணம் கட்டியவன் கண்காணிப்பாளரை வேலை செய்ய விடுவான். போகப் போக இரண்டு நாட்டு அதிகாரிகளும் அந்தக் குழுவிலேயே சேர்ந்து ரோந்து போனார்கள். மூன்றரை வருடம் அப்படிப் போக, கடைசியில் திவின்சா என்ற இடத்தில் ஒரு சதுர கி.மீ. நிலம் பெருவின் இறையாண்மையிலேயே, ஆனால் ஈக்வடாருக்குத் தனிச்சொத்தாக, பட்டா மாதிரி கொடுத்து முடித்தார்கள். நிலம் ஒருவருக்கு, எல்லை இன்னொருவருக்கு! இந்த யோசனை வந்த மனிதரைக் கும்பிட வேண்டும்.

11 நவம்பர் 2025

நேற்று சீசாகெட்டில் ரோந்து போன தாய்லாந்து வீரர்கள் கண்ணிவெடியில் சிக்கினார்கள். ஒருவருக்குப் பாதம் போய்விட்டது. அனுடின் அரசு பிரகடனத்தை நிறுத்தி வைத்துவிட்டது, 18 பேர் விடுதலையும் நின்றது. புதிதாகப் புதைத்தது என்கிறது தாய்லாந்து. பழைய போரில் மிச்சம் என்கிறது கம்போடியா. இரண்டு நாடும் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் உறுப்பினர்கள்.

ஆகஸ்ட் 9-ல் நடுப்பட்டை பற்றி எழுதியது பலித்துவிட்டது என்று பாராட்ட வேண்டாம். இதற்கு ஜோசியம் தேவையில்லை.

ராக்கெட் வண்டியைப் பின்னால் எடுப்பதைப் படம் பிடிக்கலாம், எண்ணலாம். கண்ணிவெடியை எண்ண முடியாது. ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, அரை மணி நேரம். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பட்டையில் இரவும் பகலும் இருவரும் ஏற்ற ஆள் இருக்க வேண்டும். மறுபடி அதே கேள்வி: அவர் எங்கே நிற்பார்?

9 டிசம்பர் 2025

மறுபடி சண்டை. நேற்று தாய்லாந்து விமானங்கள் குண்டு போட்டிருக்கின்றன. யார் முதலில் சுட்டது என்று வழக்கம்போல இருவரும் ஒருவரையொருவர் காட்டுகிறார்கள்.

முதல் கேள்விக்காரர் வந்து “நான் அப்போதே சொன்னேன்” என்று எழுதியிருக்கிறார். ஐயா, கண்காணிப்பாளர் போரை நிறுத்துபவர் இல்லை. நிறுத்த விரும்பும் இருவருக்கு, மற்றவன் ஏமாற்றவில்லை என்று சொல்லும் மூன்றாம் ஆள். விரும்பாதபோது அவருக்கு வேலையில்லை. எரித்திரியாவில் பாருங்கள். எத்தியோப்பியாவோடு போர் முடிந்து 25 கி.மீ. அகலப் பாதுகாப்பு மண்டலம், முழுக்க எரித்திரியா நிலத்தில். ஐ.நா. படை, அதில் நம் இந்திய வீரர்களும் இருந்தார்கள். 2002-ல் எல்லை ஆணையம் பாத்மே ஊர் எரித்திரியாவுக்கு என்றது. எத்தியோப்பியா விட்டுக்கொடுக்கவில்லை. கடுப்பான எரித்திரியா 2005-ல் ஐ.நா. ஹெலிகாப்டர் பறக்கக் கூடாது என்றது, பிறகு எரிபொருளை நிறுத்தியது. டீசல் இல்லாத ஜீப்பில் உட்கார்ந்து எதைக் கண்காணிப்பது? 2008 ஜூலையோடு மூட்டை கட்டிவிட்டார்கள்.

28 டிசம்பர் 2025

நேற்று நண்பகல் முதல் போர்நிறுத்தம். இரு பாதுகாப்பு அமைச்சர்களும் எல்லைச் சோதனைச் சாவடியில் கையெழுத்திட்டார்கள். இந்த மூன்று வாரத்தில் இரு பக்கமும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வீடு விட்டு ஓடியிருக்கிறார்கள். கண்காணிப்பு இந்த முறையும் ஆசியான் குழு.

படித்ததும் நான் தேடிய வரி ஒன்று: யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நிற்க வேண்டும், மேலே நகரக் கூடாது. அக்டோபரில் ஆயுதம் பின்னால் போவதைப் பார்க்க வந்தவர்கள், இனி ஆட்கள் நகராமல் இருப்பதைப் பார்க்க வேண்டும். இது ஒரு வகையில் சுலபம், ஒரு வகையில் வம்பு. சண்டை முடிந்த நொடியில் மற்றவர் நிலம் என்று சொல்லப்படும் இடத்தில் நின்றவருக்கு இது லாபம். அங்கிருந்து துரத்தப்பட்ட கிராமத்தான் பார்வையில், கண்காணிப்பாளர் அந்த ஆக்கிரமிப்புக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர். “இது எல்லைக்கோட்டைப் பாதிக்காது” என்று எத்தனை முறை எழுதினாலும் அவனுக்குச் சமாதானம் ஆகாது.

4 ஜனவரி 2026

18 பேரும் டிசம்பர் 31-ல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆசியான் தலைமை 1-ஆம் தேதியிலிருந்து பிலிப்பைன்சிடம்.

“உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டவருக்கு. ஹேக் நீதிபதிகளின் 2011 உபாயத்தை எடுத்துக்கொள்வேன், ஆனால் கோயில் கோயிலாக இல்லாமல், கல் இல்லாத அந்த 195 கி.மீ. முழுவதற்கும். யாருடைய கோட்டையும் ஒட்டாத ஒரு பட்டை, இரு பக்கமும் சந்தேகமில்லாத சொந்த நிலத்திலிருந்து சமமாக வெட்டி எடுத்தது. அதற்குள் ஆசியான் ஆட்களும் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்த ரோந்து, ஈக்வடார் - பெரு மாதிரி. செலவு பாதிப் பாதி. ரோந்து போகும் பாதையில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் முன்னே போக வேண்டும், அதற்கே வருடங்கள் பிடிக்கும்.

நடக்குமா என்றால், பாங்காக்கில் இப்போது யாரும் ஹேக் என்ற பெயரையே கேட்க விரும்புவதில்லை. ஆகவே உபாயத்தை எடுத்துக்கொண்டு பெயரை மறைத்துவிட வேண்டும்.

அப்புறம், கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டவரே, டிக்கெட் போடுவதற்கு முன் கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் யாரையாவது விசாரியுங்கள். மலை ஏற விட்டாலும் பாதையை விட்டு ஒரு அடிகூடத் தள்ளிப் போகாதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட.